சித்திரக்காரரின் சாட்சியம்

நியாயஸ்தலத்தில் பழகியவர்கள் யாவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. இன்னது சொல்லவேண்டுமென்று பாடம் பண்ணுவித்துக் கூண்டில் ஏற்றப்பட்ட சாட்சியின் வாக்குமூலம் கேட்பதற்கு வெகு நேர்த்தியாயிருக்கும். ஒரு வார்த்தையும் முன்பின் ஆகாது. ஆனால் குறுக்கு விசாரணையில் இரண்டாவது கேள்விக்கே உதிர்ந்துபோகும். தன் கண்ணால் கண்டதைச் சொல்லவந்தவனோ தட்டுத்தடுமாறுவான். தன்னை அழைத்துவந்த கட்சிக்காரருக்கே சில சமயம் சங்கடம் விளையும்படி பேசிவிடுவான். எனினும், கடைசியில் தீர்ப்பில் நிற்பது அவன் சொல்லே. இந்த உண்மை நியாயஸ்தலத்துக்கு மாத்திரம் உரியதன்று. ஒரு தேசம் தன் யுத்தங்களையும் தியாகங்களையும் வருங்காலத்தாருக்குச் சித்திரமாக எழுதிவைக்க விரும்பி ஒரு சித்திரக்காரரை அமர்த்தும்போதும் இதுவே விதி என்பது நமது துணிபு.

நமது தேசம் சுயராஜ்யம் பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. சட்டசபை மண்டபங்களிலும், நகரசபைக் கூடங்களிலும், கட்சிக் காரியாலயங்களிலும் தேசவீரர்களின் படங்களும் போர்க்களக் காட்சிகளும் எழுதுவித்து வைக்கப்படுகின்றன. திறப்பு விழா நடக்கிறது, மாலை சூட்டப்படுகிறது, மறுநாள் அந்தப் படத்தின்முன் நிற்பார் ஒருவரும் இல்லை. பணம் குறைந்ததா? இல்லை. எழுதிய கையில் திறமை குறைந்ததா? அதுவும் பல சமயங்களில் இல்லை. பின் குறை எங்கே? எழுதுவிப்போர், "இன்னாரை நடுவில் நிறுத்து, இன்னாரை வலப்பக்கம் நிறுத்து, முகத்தில் வெற்றிக்களை இருக்கட்டும்" என்று சாட்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள் என்பதே நமது அபிப்பிராயம். இதை விளக்க, இங்கிலாந்தில் 1918-ம் வருஷத்தில் நடந்த ஒரு வரலாற்றை நேயர்கள்முன் வைக்க விரும்புகிறோம். அந்நாட்டுச் சர்க்காரோடு நமக்கிருந்த வழக்கு உலகமறிந்தது. ஆயினும், எதிர்க்கட்சிக்காரன் வீட்டிலும் கற்றுக்கொள்ளத்தக்கது இருந்தால் கற்றுக்கொள்வது அறிவுடைமையேயாகும்.

சர்க்கார் விரும்பியது

முதல் உலக மகாயுத்தம் நாலாவது வருஷத்தை எட்டியிருந்த காலம் அது. பிரிட்டிஷ் சர்க்கார் தமது தகவல் இலாகாவின்கீழ் யுத்த ஞாபகார்த்தக் கமிட்டி ஒன்றை ஏற்படுத்தினர். பத்திரிகை முதலாளியான லார்டு பீவர்புரூக் அந்த இலாகாவின் மந்திரி. மாண்டவர்களின் நினைவாக ஒரு ஞாபக மண்டபம் எழுப்புவதென்றும், அதன் சுவர்களுக்கு ஏற்ற பெருஞ் சித்திரங்களை அக்காலத்துச் சித்திரக்காரர்களைக் கொண்டு எழுதுவிப்பதென்றும் கமிட்டி திட்டமிட்டது. படங்களின் அளவுகூட முன்னதாகவே நிர்ணயிக்கப்பட்டது. லண்டன் தேசியச் சித்திரசாலையில் உள்ள 'ஸான் ரொமானோ யுத்தம்' என்னும் பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியப் படம் ஒன்று உண்டு; உச்செல்லோ என்பவர் எழுதியது. அதன் அளவே பெரும்பாலான படங்களுக்கு மாதிரி. அவற்றினும் பெரியனவாய், சுமார் இருபது அடி நீளத்தில், மண்டபத்துக்கு நடுநாயகமாக விளங்கவேண்டிய படங்கள் சில இருந்தன. அவற்றுள் ஒன்றை எழுதும்படி ஜான் ஸிங்கர் ஸார்ஜெண்ட் என்பவரைக் கேட்டுக்கொண்டனர்.

ஸார்ஜெண்ட் அமெரிக்கப் பெற்றோருக்கு இத்தாலியில் பிளாரென்ஸ் நகரில் 1856-ம் வருஷம் பிறந்தவர். லண்டனில் குடியேறி, பிரபுக்களையும் சீமாட்டிகளையும் உருவப்படம் எழுதி ஈடு இணையற்ற புகழ் சம்பாதித்தவர். 1907-ம் வருஷம் பிரிட்டிஷ் சர்க்கார் 'ஸர்' பட்டம் அளிக்க முன்வந்தபோது, தாம் அமெரிக்கப் பிரஜை என்று சொல்லி அதை ஏற்க மறுத்தவர். அந்தச் சமயத்திலேயே உருவப்படத் தொழிலில் சலிப்புற்று அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். யுத்தச் சித்திரத்துக்கும் அவருக்கும் அதுவரையில் சம்பந்தமே இல்லை. வயதோ அறுபத்திரண்டு.

சர்க்கார் அவருக்குக் கொடுத்த விஷயம் தெளிவானது. அமெரிக்கா 1917-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் யுத்தத்தில் இறங்கியிருந்தது. ஆகவே பிரிட்டிஷ் சேனையும் அமெரிக்கச் சேனையும் தோளோடு தோள் நின்று உழைக்கும் காட்சியை எழுதவேண்டும். லண்டனில் வாழும் அமெரிக்கரைவிட இதற்கு ஏற்றவர் யார்? பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜே 1918 மே மாதத்தில் அவருக்குக் கடிதம் எழுதினார். ராஜதந்திர நோக்கம் இதில் வெளிப்படையாகவே இருந்தது. அதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. எழுதுவிப்பவருக்கு ஒரு நோக்கம் இருப்பது இயற்கையே.

ஆனால் சித்திரக்காரருக்கும் தம்முடைய துயரம் ஒன்று இருந்தது. அவ்வருஷம் மார்ச்சு 29-ந் தேதி, பெரிய வெள்ளிக்கிழமையன்று, பாரிஸ் நகரின் ஸேன் ஜெர்வே தேவாலயத்தில் ஜெர்மானியரின் நெடுந்தூரப் பீரங்கிக் குண்டு விழுந்தது. தொழுதுகொண்டிருந்தவர் பலர் மாண்டனர். அவர்களுள் ஒருத்தி ஸார்ஜெண்டின் தங்கை மகள். அவர் படங்கள் பலவற்றுக்கு உருவம் கொடுத்தவள் அவள். அவளுடைய கணவர் 1914-லேயே போர்முனையில் இறந்துவிட்டார். விதவையான அப்பெண், யுத்தத்தில் கண்ணிழந்த சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்துவந்தாள். இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முனையில் கண்டது

1918 ஜூலை 2-ந் தேதி ஸார்ஜெண்ட் பிரான்ஸுக்குப் புறப்பட்டார். அவருடன் சென்றவர் ஹென்றி டாங்க்ஸ். இவர் முதலில் ரணவைத்தியர். பிறகு வைத்தியத்தை விட்டுச் சித்திர ஆசிரியரானவர். யுத்தத்தில் முகம் சிதைந்த சிப்பாய்களின் உருவங்களை வைத்தியசாலையில் இருந்து வரைந்து வைத்தவர். இருவரும் ஆராஸ் நகரத்தருகே பிரிட்டிஷ் சேனையோடு தங்கினர். அறுபது வயது கடந்த ஸார்ஜெண்ட் தகரக் குடிசையில் படுத்து, உத்தியோகஸ்தர்களோடு உண்டு, பகல் முழுவதும் சித்திரப்பெட்டியைச் சுமந்து திரிந்தார். வெயிலுக்காக அவர் விரித்து வைத்துக்கொண்ட பெரிய வெள்ளைக் குடை எதிரியின் ஆகாய விமானத்துக்கு இலக்காகுமென்று அஞ்சி, அதற்கு மறைப்பு வர்ணம் பூசும்படி செய்தனர் என்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டை இராதன்றோ என்று அவர் ஒரு நாள் வினவினார் என்றும் கதை உண்டு. சிரிப்பதற்குரிய செய்திகளே இவை. எனினும், யுத்தம் இன்னதென்று அறியாத ஒருவர் அதைத் தம் கண்ணாலேயே அறிந்துகொள்ளத் தேடிப் போனார் என்பதை இவை காட்டுகின்றன.

அங்கே அவர் இடிந்த தேவாலயத்தை எழுதினார். ஆராஸ் நகரத் தெருவில் இளைப்பாறும் சிப்பாய்களை எழுதினார். பழத்தோட்டத்தில் பழம் திருடும் இரு சிப்பாய்களை எழுதினார். விழுந்து கிடக்கும் ஆகாய விமானத்துக்கருகே அறுவடை நடப்பதை எழுதினார். இவை பெரும்பாலும் சிறிய நீர்வர்ணப் படங்கள். கேட்கப்பட்ட இருபதடிப் படத்துக்கான விஷயமோ அகப்படவில்லை.

இந்தத் தடையின் காரணம் ஆராயத்தக்கது. நமது முன்னோர் பரணி பாடிய காலத்து யுத்தத்தில் களம் என்று ஒன்று இருந்தது. ஆயிரம் யானையை வீழ்த்தியவனுக்குப் பரணி என்பது இலக்கணம். வீழ்ந்த யானையும் கண்ணுக்குத் தெரியும், வீழ்த்தியவனும் தெரிவான். ஐரோப்பாவிலும் நூறு வருஷத்துக்கு முன்வரை அரசன் குதிரைமேல் வீற்றிருக்கக் கொடியும் முரசும் சூழப் படைகள் எதிரெதிர் நின்றன. அதனால் சித்திரக்காரனுக்குப் படம் எளிதில் அமைந்தது. 1918-ம் வருஷத்துப் போர்முனையில் அது இல்லை. மனிதர் பூமிக்குள் பதுங்கினர். பீரங்கி பல மைல்களுக்கு அப்பாலிருந்து சுட்டது. அபாயம் மிகுந்த இடத்தை நெருங்க நெருங்க மனிதக்கூட்டம் குறைந்து மறைந்து, கடைசியில் வெறும் பூமியே எஞ்சுகிறது என்று செப்டம்பர் மாதத்தில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஸார்ஜெண்ட் முறையிட்டார். சர்க்கார் காவியம் கேட்கிறார்கள். ஜனத்திரள் இல்லாமல் காவியம் எழுதுவது எங்ஙனம் என்பதே அவர் வினா. பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் சேர்ந்து பணிசெய்யும் காட்சியும் ஓரிடத்தில் ஒருங்கே அகப்படவில்லை.

அதே கடிதத்தில், ஜனத்திரளோடு கூடிய மூன்று காட்சிகளைத் தாம் கண்டதாக அவர் குறிப்பிட்டார். சேனையும் வண்டியும் நெருங்கிச் செல்லும் பெருஞ்சாலை ஒன்று. பீரங்கிக்கு இரையாகச் செல்லும் சிப்பாய்களை அடைத்த ரயில் வண்டித் தொடர் ஒன்று. விஷவாயுவால் தாக்குண்டு கண் கட்டப்பட்ட மனிதர் நிறைந்த வயல்வெளி ஒன்று. இவற்றுள் சாலைக் காட்சியே ஏற்றதாகலாம் என்று அப்போது அவர் கருதினார். ஏனெனில் அதில் இரு தேசத்துச் சேனைகளையும் சேர்த்துக் காட்டலாம். கொடுத்த கட்டளையும் நிறைவேறிவிடும். கட்டளை ஒரு பக்கமும் கண்ட காட்சி ஒரு பக்கமும் இழுத்த நிலையை இதில் காண்கிறோம்.

தூலான் சாலையில் ஒரு மாலை

மூன்றாவதாகக் குறித்த காட்சியை அவர் கண்டது ஆகஸ்டு 21-ந் தேதி. அன்று காலையில் பிரிட்டிஷ் சேனை ஆராஸுக்குத் தெற்கே பெருந்தாக்குதல் ஒன்றைத் தொடங்கியிருந்தது. ஜெர்மானியர் கடுகுவாயுக் குண்டுகளைப் பொழிந்தனர். தூலான் நகருக்குச் செல்லும் சாலையில் லெ பாக் து ஸூத் என்னுமிடத்தில் இருந்த காயக்கட்டு நிலையத்தில் விஷவாயு பட்டவர்கள் திரளாக வந்து சேர்வதாகக் கேள்விப்பட்டு, ஸார்ஜெண்டும் டாங்க்ஸும் மாலையில் அங்கே சென்றனர்.

அங்கே கண்டதைப் பின்னர் டாங்க்ஸ் எழுதிவைத்திருக்கிறார். சில குடிசைகளும் சில கூடாரங்களுமே அந்நிலையம். சுமார் ஆறு ஆறு பேராக, முன்னே ஓர் உதவியாள் வழிகாட்ட, கண் கட்டப்பட்ட சிப்பாய்கள் வந்துகொண்டே இருந்தனர். வந்தவர்கள் புல்தரையில் உட்கார்ந்தனர், படுத்தனர். இவ்வாறு பல நூற்றுவர். கண்ணின் எரிச்சலே அவர்களை மிக வருத்திற்று. மாலைப்பொழுதோ வெகு ரம்மியமாயிருந்தது. சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தான். ஸார்ஜெண்ட் அக்காட்சியால் மிகவும் தாக்குண்டு, அவ்விடத்திலேயே குறிப்புச் சித்திரங்கள் பல வரைந்துகொண்டார்.

கடுகுவாயு என்பது புகைபோல் உடனே மூச்சை அடைப்பதன்று. பட்ட வேளையில் பெரிதாக ஒன்றும் தோன்றாது, சில மணி நேரம் கழித்துக் கண் வீங்கி மூடிக்கொள்ளும், தோல் கொப்பளிக்கும், மார்பு எரியும். ஜெர்மானியர் இதை முதன்முதலாக 1917 ஜூலையில் ஈப்ர் என்னும் இடத்தில் பிரயோகித்தனர். அதற்கு முன்னரே 1915 ஏப்ரலில் அதே ஈப்ர் முனையில் அவர்கள் குளோரின் வாயுவை விட்டிருந்தனர். அவ்வருஷம் செப்டம்பரில் பிரிட்டிஷாரும் அதே ஆயுதத்தைக் கையாண்டனர். இப்பாபத்தில் எந்தக் கட்சியும் கை கழுவிக்கொள்ள முடியாது.

நமது சிப்பாய்களும் அந்த விஷத்தைச் சுவாசித்தவர்களே என்பதை இங்கே சொல்லாதிருத்தல் தகாது. 1915 ஏப்ரல் 26-ந் தேதி ஈப்ரில் லாகூர் டிவிஷன் தாக்குதலில் இறங்கியபோது குளோரின் வாயு அவர்கள்மீது விடப்பட்டது. ஜமேதார் மீர் தஸ்த் என்பவர், தலைமை தாங்கிய உத்தியோகஸ்தர்கள் வீழ்ந்துபோக, எஞ்சியவர்களைத் தாமே ஒன்றுசேர்த்து, காயம்பட்ட பலரைக் குண்டுமாரியின் நடுவே தூக்கிவரச் செய்து, விக்டோரியா கிராஸ் பெற்றார். வாயுவின் கேடு அவர் உடம்பைப் பின்னும் விட்டபாடில்லை. இந்தியக் காலாட்படை 1915-ம் வருஷ முடிவிலேயே பிரான்ஸை விட்டுச் சென்றுவிட்டபடியால், ஸார்ஜெண்ட் கண்ட வரிசையில் நம்மவர் இல்லை. ஆயினும் அவ்வரிசையைப் பார்க்கும்போது இந்தியனுக்கு அது அந்நியர் துன்பமாகத் தோன்றாது.

சித்திரசாலையில்

செப்டம்பர் முடிவில் ஸார்ஜெண்ட் பெரோன் நகரத்தருகே அமெரிக்கச் சேனையோடு இருந்தபோது இன்ஃபுளுயென்ஸா ஜுரம் கண்டது. ருவாஸெல் என்னுமிடத்தில் யுத்தகள ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் ஒரு வாரம் படுத்திருந்தார். காயம்பட்டவர்களின் முனகலும், வாயு பட்டவர்களின் மூச்சுத்திணறலும் இருமலும் இரவு முழுவதும் அவர் காதில் விழுந்தன. அந்தக் கூடாரத்தின் உட்புறத்தையும் அவர் ஒரு நீர்வர்ணப் படமாக எழுதினார். வேடிக்கை பார்க்க வந்தவர் அங்கே நோயாளிகளுள் ஒருவரானார்.

அக்டோபர் முடிவில் லண்டன் திரும்பினார். இரு தேசங்களின் கூட்டுறவு என்னும் விஷயத்தை விட்டு, விஷவாயு பட்டவர்களின் வரிசையை எழுத விரும்புவதாகக் கமிட்டிக்குத் தெரிவித்தார். கமிட்டியார் இசைந்தனர். இது சிறு செய்தியன்று. "நாங்கள் கேட்டது ஒன்று, நீர் தருவது ஒன்று" என்று மறுத்துவிட அவர்களுக்கு உரிமை இருந்தது. ராஜதந்திரத்துக்கு உதவாத படம். வெற்றியைக் காட்டாத படம். தம் சிப்பாய் எதிரியைக் கொல்வதைக்கூடக் காட்டாத படம். இருந்தும் இசைந்தனர்.

நவம்பர் 11-ந் தேதி யுத்தம் நின்றது. லண்டன் வீதிகள் ஆரவாரத்தில் மூழ்கின. அந்நாட்களில்தான், புல்ஹாம் வீதியில் இருந்த தமது சித்திரசாலையில் இருபதடிக் கித்தானுக்கு முன்னால் ஸார்ஜெண்ட் வேலையைத் தொடங்கினார். பிரான்ஸில் அவசரமாகக் கிறுக்கிய குறிப்புக்கள் காட்சியின் உண்மைக்கு ஆதாரமாயின. ஆனால் இருபதடிப் படத்தில் ஒவ்வொரு உருவமும் ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு நிற்கவேண்டும். அதற்குக் குறிப்பு போதாது. ஆகவே கூலிக்கு நிற்கும் ஆட்களைச் சித்திரசாலையில் நிறுத்தி, ஒவ்வொருவரையும் தனித்தனியே கரிக்கோலால் காகிதத்தில் வரைந்தார். தோளில் கைவைத்து நிற்பவன், காலைத் தூக்குபவன், துப்பாக்கியைச் சுமப்பவன், தரையில் தலைசாய்ந்து கிடப்பவன் என்று ஒவ்வொரு நிலையையும் பலமுறை மாற்றி மாற்றிப் பார்த்தார். அந்தக் கரிக்கோல் படங்கள் பல இன்றும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பொதுச் சித்திரசாலைகளில் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பவர், முனையில் ஒரு மாலையில் கண்டதை மாதக்கணக்கில் உழைத்தே அவர் படமாக்கினார் என்று அறிவர். 1919 மார்ச்சு மாதத்தில் படம் முடிந்தது. அதன் பெயர் 'காஸ்ட்'. 'வாயு பட்டவர்கள்' என்று நாம் சொல்லலாம்.

படம்

உயரம் ஏழரை அடி. நீளம் இருபது அடி. சேற்றுக்கு மேலே போடப்பட்ட பலகைப் பாதையில், உதவியாட்கள் உட்படப் பத்துக்கு மேற்பட்டோர் பக்கவாட்டில் வரிசையாக நடக்கிறார்கள். கண்கள் வெள்ளைத் துணியால் கட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொருவன் கையும் முன்னவன் தோளிலோ முதுகிலோ இருக்கிறது. ஒருவன், படி வருகிறதென்று எச்சரிக்கப்பட்டவன்போல், காலை அளவுக்கு மிஞ்சி உயர்த்துகிறான். மற்றொருவன் நம்மைப் பாராமல் முதுகைக் காட்டித் திரும்பியிருக்கிறான். பாதையின் இருமருங்கிலும் கண் கட்டப்பட்டவர்கள் அடுக்கடுக்காகக் கிடக்கிறார்கள். ஒருவன் தண்ணீர்க் குப்பியை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறான். தூரத்தில் இன்னொரு வரிசை வருகிறது. அதில் ஒருவன் குனிந்து வாந்தியெடுக்கிறான். வலது ஓரத்தில் கூடாரத்தின் கயிறுகள் மாத்திரம் தெரிகின்றன, கூடாரம் தெரியவில்லை. சேருமிடம் அருகில் இருக்கிறது. கண்டவர் யாரும் இல்லை.

பின்னால், நடப்பவர்களின் கால்களுக்கு இடையே, சிலர் பந்து விளையாடுகிறார்கள். ஆகாயத்தில் விமானங்கள் பூச்சிகள்போல் சண்டையிடுகின்றன. மஞ்சளும் ரோஜாநிறமும் கலந்த மாலை ஒளி எங்கும் பரவியிருக்கிறது, சந்திரனும் உதயமாகிறான். பார்வையுள்ளவர்களுக்குத்தான் இந்த அழகு. வரிசையில் நடப்பவர்களுக்கு இல்லை. விளையாடுகிறவர்களைப் பார்த்து நாம் கோபிக்கவும் முடியவில்லை. நாளைக்கு அவர்கள் இந்த வரிசையில் நிற்கலாம். நேற்று இந்த வரிசையில் நிற்பவர்கள் பந்து விளையாடியிருக்கலாம். எந்தச் சேனாதிபதியும் இதில் இல்லை, எதிரியும் இல்லை. குற்றவாளி யார் என்று படம் சொல்லவில்லை. கண்டதைச் சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கிவிடும் நல்ல சாட்சியின் இலக்கணம் இது.

மறுப்புரைகள்

அப்படம் 1919-ம் வருஷக் கோடையில் லண்டன் ராயல் அகாடமிக் காட்சியில் வைக்கப்பட்டு, அவ்வருஷத்தின் சிறந்த படமென்று தேர்ந்தெடுக்கப்பட்டது. மறுத்தவர்களும் இருந்தனர். காலை அளவுக்கு மிஞ்சித் தூக்கும் சிப்பாயை மிகைப்படுத்தல் என்று ஆசிரியை வர்ஜீனியா வுல்ப் குறித்தார். சில வருஷங்களுக்குப் பின்னர், நமது தேசத்தைப் பற்றி நாவல் எழுதிய ஈ. எம். பார்ஸ்டர், இந்தப் படத்தில் காணும் துயரம் மேல்வகுப்பார் மனம் கலங்காமல் பார்த்துச் செல்லத்தக்க சுத்தமான துயரம் என்று கண்டித்தார். பொன்முடி இளைஞர்கள், முறையிடாத முகங்கள், பேனும் சேறும் அழுகலும் எங்கே என்பது அவர் கட்சி.

இம்மறுப்பில் நியாயம் இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். கொப்பளித்த தோல் படத்தில் இல்லை. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கடுகுவாயுவால் கண் மூடியவர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களில் பார்வை பெற்றனர். படத்தைப் பார்ப்பவரோ அவர்கள் யாவரும் என்றென்றைக்கும் குருடரானதாக எண்ணக்கூடும். ஆனால் சாட்சி எல்லாவற்றையும் சொல்லவேண்டுமென்பது சட்டமன்று. சொல்வது மெய்யாயிருக்கவேண்டுமென்பதே சட்டம். வெற்றிவிழாக் கொண்டாடும் ஒரு நகரத்தில், வெற்றி பெற்றவர்களின் கண்களைக் கட்டிக் காட்டிய படம் அது. அவ்வளவு போதும்.

ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு வேறொரு மறுப்பு எழுகிறது. அப்படம் முடிவுற்ற அதே மார்ச்சு மாதத்தில்தான் இந்தியாவில் ரௌலட் சட்டம் நிறைவேறிற்று. அடுத்த மாதம் 13-ந் தேதி ஜாலியன்வாலாபாக். அச்செய்தியை வெளியிடத் துணிந்த 'பம்பாய் கிரானிகிள்' ஆசிரியர் ஹார்னிமன், அவரும் ஓர் ஆங்கிலேயரே, அம்மாதத்திலேயே நாடு கடத்தப்பட்டார். லண்டனில் ஒரு சாட்சிக்கு இருபதடிச் சுவர் கொடுத்த அதே சர்க்கார், இந்தியாவில் மற்றொரு சாட்சியைக் கப்பலேற்றினர். தங்கள் துன்பத்தைப் பற்றிய உண்மையைப் பொறுக்கும் தைரியம் அவர்களுக்கு இருந்தது. தாங்கள் பிறருக்கு இழைத்த துன்பத்தைப் பற்றிய உண்மையைப் பொறுக்கும் தைரியம் இல்லை. இரண்டாவது தைரியமே அரிது. சுதந்திர தேசமாகிய நாமும் அந்தத் தராசில் நிறுக்கப்படுவோம் என்பதை மறத்தல் ஆகாது.

அதே கை, வேறு கட்டளை

நமது வாதத்துக்கு மிகப் பலமான ருசு இனிமேல்தான் வருகிறது. அதே ஸார்ஜெண்டிடம், யுத்தம் முடிந்தபின், தென் ஆப்பிரிக்கத் தனவந்தர் ஒருவர் வேறொரு பெரும்படத்தை எழுதுவித்து, லண்டன் தேசிய உருவப்படச் சாலைக்கு அளித்தார். விஷயம்: மகாயுத்தத்துச் சேனாதிபதிகள். மொத்தம் இருபத்திரண்டு பேர். ஹேக், அலன்பி, பிளூமர், ராலின்ஸன் முதலிய பெயர்பெற்றவர்கள் யாவரும் அதில் உண்டு.

இருபத்திரண்டு பேரும் அப்படி ஒருகாலும் ஒருங்கே நின்றதில்லை. ஆகவே ஸார்ஜெண்ட் ஒவ்வொருவரையும் தனித்தனியே உட்காரவைத்து முகத்தை எழுதிக்கொண்டு, பின்னர் பெரிய கித்தானில் தூண்களுக்கு முன்னால் எல்லோரையும் வரிசையாக நிறுத்திவைத்தார். இந்த வேலை அவருக்கு எவ்வளவு சலிப்பைத் தந்தது என்பதை அவர் கடிதங்கள் காட்டுகின்றன. 1922-ம் வருஷம் படம் முடிந்தது. பளபளக்கும் பூட்ஸும் பதக்கமும் உண்டு. முகச்சாயலில் பிழை கிடையாது. அளவிலும் முன்னதற்கு அதிகம் குறைந்ததன்று. உயிர் மாத்திரம் இல்லை. அக்காலத்து விமர்சகர்களும் அதைப் பெரிதாகப் போற்றவில்லை.

கை ஒன்றே, யுத்தம் ஒன்றே, இடையில் சென்ற காலமோ மூன்று வருஷம். ஒரு படத்தின்முன் ஜனங்கள் இன்றும் மௌனமாக நிற்கிறார்கள். மற்றொன்றின்முன் பெயர்களை எண்ணிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். காரணம் என்ன? முதலாவதில் அவர் கண்டார். கண்டது அவரை வருத்திற்று. கேட்டதை விட்டுக் கண்டதை எழுத அவருக்கு இடம் கிடைத்தது. இரண்டாவதில் காண்பதற்கு ஒன்றும் இல்லை. பெயர்ப்பட்டியல் ஒன்றே இருந்தது. பட்டியலுக்கு எவ்வளவு வர்ணம் பூசினாலும் அது பட்டியலே.

நமக்கு

ஞாபக மண்டபம் கட்டப்படவே இல்லை. பணம் இல்லையென்று திட்டம் கைவிடப்பட்டது. அதற்கென எழுதப்பட்ட படங்கள் லண்டனிலுள்ள இம்பீரியல் யுத்த மியூசியத்துக்குச் சென்றன. அங்கே 2023-ம் வருஷம், பழுத்து மங்கியிருந்த மேற்பூச்சு நீக்கப்பட்டு, ஸார்ஜெண்டின் படம் புதிய கூடத்தில் மீண்டும் வைக்கப்பட்டது. மண்டபம் மறைந்தது, கமிட்டி மறைந்தது, கட்டளையில் குறித்த கூட்டுறவுக் காட்சி எழுதப்படவே இல்லை. நூறு வருஷம் கடந்து நிற்பது அந்த ஒரு மாலை.

நமது சர்க்கார்களும், நகரசபைகளும், கட்சித் தலைவர்களும் இவ்வரலாற்றிலிருந்து மூன்று காரியம் கற்கலாம். சித்திரக்காரரை அமர்த்துமுன் யோசியுங்கள்; அமர்த்தியபின் நம்புங்கள். காண வேண்டியதை அவர் காண வழிசெய்யுங்கள். கடந்தகாலத்து யுத்தமாயின், ஆவணமும், அக்காலத்து ஆயுதமும் உடையும், களமாயிருந்த பூமியும், கேட்டறிந்த முதியோரும் அவருக்கு எட்டும்படி செய்யுங்கள். அதற்கு ஒரு மாதமன்று, ஒரு வருஷமே ஆனாலும் பொறுத்திருங்கள். அவர் திரும்பிவந்து, "நீங்கள் கேட்டது அங்கே இல்லை, நான் கண்டது வேறு" என்று சொன்னால், அந்த வார்த்தையைச் செவிகொடுத்துக் கேளுங்கள். உங்கள் பணத்துக்கு அவர் தரக்கூடிய மிக உயர்ந்த பலன் அந்த வார்த்தையே.

சித்திரக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டளை கிடைத்ததும் தலைவர் விரும்பும் முகக்களையைத் தேடாதீர்கள். வெள்ளைக் குடையோடு முனைக்குச் செல்லுங்கள். பிறர் சிரித்தால் சிரிக்கட்டும். சிறையில் கல்லுடைத்தவன் கையையும், தடியடி பட்டவன் நடையையும், கொடியேந்தியவன் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரிந்ததா என்பதையும் கேட்டறிந்து எழுதுங்கள்.

நேயர்களுள் பலர் பொதுக்காரியங்களில் ஈடுபட்டவர்கள், கமிட்டிகளில் அமர்பவர்கள், தீர்மானங்களுக்குக் கை தூக்குபவர்கள். அடுத்தமுறை உங்கள் கமிட்டியில் ஒரு படம் எழுதுவிக்கத் தீர்மானம் வந்து, யார் யார் முகம் அதில் இருக்கவேண்டுமென்ற விவாதம் எழும்போது, எழுதப்போகிறவர் எதைக் கண்டார் என்று ஒருவரேனும் எழுந்து கேட்பீர்களாக.